தெகார்த்தும் ஸ்பினோசாவும் படித்து வாழ்க்கை அமையுமா? புதுச்சேரி, கடலூர் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோடை விடுமுறை தொடங்கியதும் இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். சில மாணவர்களுடையவை, சில பெற்றோருடையவை. கடலூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் கேட்டதும் ஒன்று உண்டு. நான் புதுச்சேரியில் 22 ஆண்டுகளாகத் தத்துவம் கற்பித்து வருகிறேன். என் ஆராய்ச்சி 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தத்துவத்தில், அதிலும் உயிரும் உடலும் எப்படி இணைந்திருக்கின்றன என்ற கேள்வியில். வாசலில் நின்றபடி இரண்டு வாக்கியம் சொல்லி அனுப்புவது எனக்கு நிறைவாக இல்லை. அதனால் நிதானமாக எழுதி வைத்திருக்கிறேன்.

"தொடக்க நவீனத் தத்துவம்" என்று எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்?

ஏறத்தாழ 1600 முதல் 1800 வரை. தெகார்த் தம் முறை பற்றிய உரையைப் பிரெஞ்சில் வெளியிட்ட 1637ஐத் தொடக்கமாகவும், காண்ட் தூய அறிவின் விமர்சனத்தை வெளியிட்ட 1781ஐ முடிவாகவும் வைத்துக்கொண்டால் வகுப்புக்குப் போதும். இடையில் ஹாப்ஸ், ஸ்பினோசா, மால்பிராஞ்சு, லாக், லைப்னிட்ஸ், பெர்க்லி, ஹியூம் வருகிறார்கள். (தமிழ்ப் பாடநூல்கள் சிலவற்றில் தெகார்த் 'டெஸ்கார்ட்டஸ்' ஆகியிருப்பார். புதுச்சேரிக்காரர்கள் நாம் பிரெஞ்சு ஒலிப்பிலேயே சொல்லிவிடலாம்.)

எங்கோ தூரத்துக் காலம் என்று நினைக்கும் மாணவர்களிடம் நம் ஊர்க் கணக்கைச் சொல்வேன். பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியேற்றத்தை நிறுவியது 1674. மால்பிராஞ்சு உண்மையைத் தேடுவது பற்றிய தம் பெருநூலின் முதல் பகுதியைப் பாரிஸில் வெளியிட்டதும் அதே ஆண்டு. ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது 1690. மனித அறிவைப் பற்றி லாக் எழுதிய நூலின் தலைப்புப் பக்கத்தில் இருப்பதும் 1690தான். ஹியூமின் முதல் நூல் 1739இல் லண்டனில் வெளிவந்தபோது, ஆனந்தரங்கப் பிள்ளை இங்கே நாட்குறிப்பு எழுதத் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. நம் தெருக்கள் உருவான காலமும் இந்த நூல்கள் எழுதப்பட்ட காலமும் ஒன்று.

அந்தத் தத்துவவாதிகள் எல்லாரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களா?

பெரும்பாலோர் இல்லை. தெகார்த் சில காலம் படைகளோடு திரிந்துவிட்டுக் குடும்பச் சொத்தில் வாழ்ந்தவர். 20 ஆண்டுகள் நெதர்லாந்தில் வீடு மாற்றி வீடு மாற்றிக் குடியிருந்தார். ஸ்பினோசா கண்ணாடி வில்லைகள் தேய்த்துப் பிழைத்தார். லாக் மருத்துவம் படித்து, ஒரு பிரபுவின் வீட்டில் ஆலோசகராக இருந்தார். லைப்னிட்ஸ் ஹானோவர் அரசவையில் நூலகர். அரச குடும்பத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பு வாழ்நாள் இறுதிவரை அவர் தலைமேல் இருந்தது. ஹியூம் 1745இல் எடின்பரோவில் பேராசிரியர் பதவிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து கிளாஸ்கோவிலும் கிடைக்கவில்லை. இந்தப் பட்டியலில் பல்கலைக்கழகத்திலேயே வாழ்ந்து முடித்தவர் காண்ட். அவரும் 1755 முதல் 15 ஆண்டுகள் மாணவர்கள் தரும் கட்டணத்தை நம்பியே பாடம் நடத்தினார். பேராசிரியர் பதவி 1770இல், 46ஆம் வயதில்தான் வந்தது. இன்று கௌரவ விரிவுரையாளராக ஓடிக்கொண்டிருக்கும் என் பழைய மாணவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

ஸ்பினோசா கதை சற்று வேறு. 1673இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. தத்துவம் பேச முழுச் சுதந்திரம் உண்டு, ஆனால் நிலைபெற்ற மதத்தைக் கலைக்க அதைப் பயன்படுத்த மாட்டீர்கள் என்று இளவரசர் நம்புகிறார் என்று அழைப்புக் கடிதம் சொன்னது. அந்தச் சுதந்திரத்தின் எல்லை எங்கே முடியும் என்று தமக்குத் தெரியவில்லை, பாடம் சொல்லத் தொடங்கினால் தம் சொந்த ஆய்வும் நின்றுவிடும் என்று மிகப் பணிவாக எழுதி மறுத்துவிட்டார். இந்தக் கடிதத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும்.

இதிலிருந்து ஆய்வாளருக்கு ஒரு வேலையும் வருகிறது. பதவியில் இல்லாதவர்கள் கடிதங்களில்தான் சிந்தித்தார்கள். லைப்னிட்ஸ் மட்டும் சுமார் 1,100 பேருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய எழுத்துகளின் முழுப் பதிப்பு 1923இல் அச்சேறத் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. "எல்லாவற்றையும் ஐரோப்பியர்களே ஆராய்ந்து முடித்திருப்பார்களே, நமக்கு என்ன மிச்சம்?" என்று கேட்பவர்கள் இந்த எண்களை நினைவில் வையுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தந்தை: "என் மகள் தத்துவம் எம்.ஏ. படிக்க வேண்டும் என்கிறாள். வேலை கிடைக்குமா?"

ஐயா, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தத்துவத் துறை இருக்கும் கல்லூரிகள் குறைவு. நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியாவதற்கே சில ஆண்டுகள் ஆகும். நிரந்தர உதவிப் பேராசிரியரின் அடிப்படை ஊதியம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. தற்காலிக விரிவுரையாளராக இருப்பவர்களுக்குப் பல இடங்களில் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. அப்படி ஆறேழு ஆண்டுகள் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அதே சமயம், இந்தப் படிப்பு திறக்கும் கதவு அது ஒன்று மட்டுமென்று நினைக்க வேண்டாம். ஐ.ஐ.டி.க்களில் ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் துறைகளில் தத்துவ ஆசிரியர்கள் இருக்கிறார்கள். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தத்துவம் விருப்பப்பாடமாக இருக்கிறது. அதன் முதல் தாளில் தெகார்த் முதல் காண்ட் வரை அப்படியே வருகிறார்கள். பிரெஞ்சும் சேர்த்துப் படித்தால் மொழிபெயர்ப்பு, பதிப்பகம், மொழி கற்பித்தல் என்று நம் ஊரிலேயே வேலைகள் உண்டு. உங்கள் மகளிடம் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வை எத்தனை முறை எழுதிப் பார்ப்பாள், அதற்குள் கிடைக்காவிட்டால் என்ன செய்வாள் என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். என் தந்தையும் என்னிடம் இப்படித்தான் பேசினார். அன்று எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு உதவியது என்று புரிந்தது.

பி.ஏ.வில் தத்துவம் படிக்கவில்லை. எம்.ஏ. சேரலாமா?

பல பல்கலைக்கழகங்களில் எந்தப் பட்டமும் போதும். அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பைப் படித்துவிடுங்கள். என் மிகச் சிறந்த மாணவர்களில் ஒருவர் இயற்பியல் முடித்து வந்தவர். தெகார்த்தின் ஒளி முறிவுக் கணக்கை என்னைவிட நன்றாக விளக்குவார்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் இருந்துகொண்டே படிக்க முடியுமா? நூலகம் கிடைக்குமா?

முடியும். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறை இருக்கிறது. அங்குள்ள நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர். கடலூர் மாவட்டத்தில் 1929இல் தொடங்கிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தத்துவத் துறை உண்டு. புதுச்சேரி நகருக்குள் 1827இல் நிறுவப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செயின்ட் லூயி தெருவில் இருக்கிறது. அங்கே உள்ள சைவ சித்தாந்தச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அவை உங்களுக்கு எதற்கு என்பதைக் கீழே சொல்கிறேன்.

மூல நூல்களின் பழைய பதிப்புகளைப் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பான காலிக்காவில் இலவசமாகப் பார்க்கலாம். தெகார்த்தின் எழுத்துகளை ஆதாம், தான்னெரி இருவரும் 1897 முதல் தொகுத்த பதிப்பே இன்றும் மேற்கோளுக்கு அடிப்படை. உலகில் எங்கே எழுதினாலும் "ஏ.டி. 7, 30" என்று குறித்தால், ஏழாம் தொகுதி 30ஆம் பக்கம், 'தியானங்கள்' என்ற அவர் நூலில் மெழுகு பற்றிய பகுதி என்று படிப்பவர்களுக்குப் புரியும். நான் மாணவியாக இருந்தபோது அந்தப் பக்கத்தின் ஒளிநகல் ஒன்றுக்காகச் சென்னைக்கு ரயிலேறினேன்.

எந்த மொழிகள் தெரிந்திருக்க வேண்டும்?

ஆங்கிலம் போக இரண்டு: பிரெஞ்சும் லத்தீனும். லைப்னிட்ஸ் இந்த இரண்டு மொழிகளிலும்தான் பெரும்பாலும் எழுதினார். காண்ட்டுக்குப் போனால் ஜெர்மன் வேண்டும்.

பிரெஞ்சில் நமக்கு இருக்கும் வசதி மதுரை மாணவருக்கோ கோவை மாணவருக்கோ இல்லை. பள்ளியிலேயே படித்திருப்பீர்கள், அல்லது வீட்டில் ஒரு தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் முதலில் மிரட்டும், ஒரு மாதத்தில் பழகிவிடும்.

லத்தீன்தான் பலரும் தவிர்ப்பது. நான் அதை ஒரு வயதான பாதிரியாரிடம் கற்றேன். நான்கு ஆண்டுகள், சனிக்கிழமை காலைகளில். முதல் ஆண்டு முழுவதும் வேற்றுமை உருபுகள். இரண்டாம் ஆண்டு இறுதியில் தெகார்த்தின் இரண்டாம் தியானத்தைத் திறந்தோம். அதுவரை நான் "சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்ற வாக்கியம் தியானங்களில் இருக்கிறது என்றே தேர்வுகளில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். பக்கத்தில் தேடினால் அது இல்லை. "நான் இருக்கிறேன், நான் உளேன் என்ற கூற்று, அதை நான் சொல்லும்போதும் மனத்தில் எண்ணும்போதும் கட்டாயமாக உண்மை" என்ற பொருளில் ஒரு வாக்கியம்தான் இருந்தது. 'ஆகவே' இல்லை. அந்த 'ஆகவே' 1637இன் பிரெஞ்சு நூலிலும் 1644இன் லத்தீன் நூலிலும் இருக்கிறது. 1641இன் தியானங்களில் மட்டும் இல்லை. அப்படியானால் அது ஓர் அனுமானமா, அல்லது நேரடியாகக் காணும் உண்மையா? ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக விவாதிக்கும் கேள்வி இது. நான் அதைச் சந்தித்தது அந்தச் சனிக்கிழமை, பாதிரியாரின் மேசையில், ஒரு சொல் இல்லாததைக் கண்டபோது.

நெட், பிஎச்.டி. பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நெட் தேர்வில் இரண்டு தாள், மூன்று மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. உதவித்தொகைக்கு 30 வயது வரம்பு உண்டு; சில பிரிவினருக்கும் பெண்களுக்கும் தளர்வு உண்டு. பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தரலாம் என்று 2022இன் யு.ஜி.சி. விதி சொல்கிறது. திருமணம், குழந்தை என்று பாதியில் நிறுத்த எண்ணும் மாணவிகள் தயவுசெய்து இந்த விதியைக் கேட்டுப் பெறுங்கள். என் தோழி ஒருத்தி இது தெரியாமல் விலகிவிட்டாள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

ஆய்வுத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"ஸ்பினோசாவின் கடவுட்கொள்கை: ஓர் ஆய்வு" என்று தொடங்காதீர்கள். அது ஒரு நூலகம் அளவு பெரியது. ஒரு கடிதம், ஒரு வாதம், ஒரு சொல் என்று சிறிதாகப் பிடியுங்கள்.

1643 மே மாதம், 24 வயதான பொஹீமிய இளவரசி எலிசபெத் தெகார்த்துக்கு ஒரு கடிதம் எழுதினார். உயிர் என்பது வெறும் சிந்திக்கும் பொருள் என்றால், அதற்கு நீள அகலம் இல்லை, தொடவும் முடியாது. அப்படி இருக்க அது உடலை எப்படி அசைக்கிறது? இதுதான் கேள்வி. தெகார்த்தின் பதில் அவரைத் திருப்திப்படுத்தவில்லை. மீண்டும் கேட்டார். அந்தக் கடிதப் போக்குவரத்து தெகார்த் இறக்கும் வரை தொடர்ந்தது. என் ஆய்வேடு முழுக்க முழுக்க இந்தக் கேள்வியிலிருந்து வந்தது. (ஸ்பினோசாவை ஹைடல்பெர்க்குக்கு அழைத்த இளவரசர் இந்த எலிசபெத்தின் தம்பி அல்ல, அண்ணன். ஒரே குடும்பம்!) எலிசபெத் மட்டுமா? மார்கரெட் கேவண்டிஷ், ஆன் கான்வே, நியூட்டனைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த எமிலி து ஷாத்லே என்று நீண்ட காலம் பாடத்திட்டத்துக்கு வெளியே நின்ற பெண்கள் இப்போதுதான் உள்ளே வருகிறார்கள். இந்தத் துறையில் இன்று மிக வேகமாக வளரும் பகுதி இது. உங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இவர்கள் இல்லையென்றால், கேளுங்கள்.

நம் ஊரை ஒட்டியும் தலைப்புகள் இருக்கின்றன. 1660களில் தில்லியில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், தெகார்த்தையும் அவர் காலத்து இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதியான கஸ்ஸாந்தியையும் தம் முகலாயப் புரவலருக்காகப் பாரசீகத்தில் மொழிபெயர்த்ததாக எழுதியிருக்கிறார். லாக் தம் நூலில் பூமியை யானையும் யானையை ஆமையும் தாங்குவதாகச் சொன்ன ஓர் 'இந்தியத் தத்துவவாதி'யை இழுத்து வருகிறார், பண்புகளையெல்லாம் அடியில் தாங்கும் பொருள், அதாவது 'சப்ஸ்டன்ஸ்', என்ற கருத்தைக் கேள்வி கேட்பதற்காக. அந்த யானை அவருக்கு எந்தப் பயண நூல்கள் வழியாகப் போயிருக்கும் என்பதே ஒரு ஆய்வு.

எனக்கு மிகவும் பிடித்தது 'எசூர்வேதம்'. பழைய வேதம் என்று நம்பி ஒரு பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதியை வால்டேர் 1761இல் பாரிஸ் அரச நூலகத்தில் சேர்த்தார். கிறித்தவத்துக்கு முந்தைய தூய சமயத்துக்குச் சான்று என்று கொண்டாடினார். அது 1778இல் அச்சானது. அது ஒரு மிஷனரியின் கைவேலை என்று பிரெஞ்சுப் பயணி சொனெரா 1782இல் எழுதினார். புதுச்சேரி மிஷனரிகளிடம் இருந்த அதன் பிரதிகளைப் பின்னர் சென்னையிலிருந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் நேரில் பார்த்து விரிவாக எழுதினார். அந்தக் கட்டுரை அவர் இறந்த பிறகு 1822இல் வெளிவந்தது. பாரிஸில் நடந்த ஒரு பெரிய விவாதத்தின் வேர் நம் கடற்கரையில் கிடந்திருக்கிறது. பிரெஞ்சும் தமிழும் தெரிந்த ஒரு புதுச்சேரி மாணவரைவிட இதற்குத் தகுதியானவர் யார்?

அதே காலத்தில் வான் ஆய்வாளர் லெ ஜென்த்தி, 1769இல் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரி வந்து, மேகம் மறைத்ததால் பார்க்க முடியாமல் போனார். ஆனால் இங்கே தங்கிய நாட்களில் தமிழர்கள் சோழிகளை நகர்த்திக் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று எழுதி வைத்தார். அறிவு என்றால் என்ன என்ற கேள்வியோடு அந்தப் பக்கங்களைப் படிக்க இன்னும் ஆள் தேவை.

தமிழில் எழுதலாமா? கலைச்சொற்கள் இருக்கின்றனவா?

எழுத வேண்டும். ஆனால் சொல் தேர்வில் பெரிய பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் 22 ஆண்டு ஆசிரியப் பணியில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது இதுதான்.

தெகார்த் உடலுக்கு எதிராக நிறுத்தும் சிந்திக்கும் பொருளுக்கு லத்தீனில் 'மென்ஸ்' என்ற சொல்லை விரும்பினார். 'அனிமா' என்ற சொல்லை அவர் ஏன் தவிர்த்தார் என்பதை அவரே விளக்குகிறார்: அது இருபொருள் தரும், பல சமயம் உடல் சார்ந்த ஒன்றையே குறிக்கும். பழைய மரபில் செடிக்கும் விலங்குக்கும்கூட அனிமா உண்டு. நம் பாடநூல்கள் 'மென்ஸ்' என்பதை 'மனம்' என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. சைவ சித்தாந்தம் படித்த மாணவர் இதைப் படித்தால் என்ன ஆகும்? அவருக்கு மனம் என்பது அந்தக்கரணங்கள் எனும் உட்கருவிகளில் ஒன்று, மாயையிலிருந்து தோன்றியது, சடம், அதாவது அறிவற்ற பொருள். சிவஞான போதத்தின் நான்காம் சூத்திரம் தொடங்குவதே ஆன்மா அந்தக்கரணங்களில் ஒன்று அல்ல என்று மறுத்துத்தான். ஆக, "மனம் சடம் அல்ல" என்று தெகார்த் சொன்னதாக எழுதினால், மரபறிந்த தமிழ் வாசகருக்கு அது முதல் அடியிலேயே தவறாகப் படும்.

சரி, 'உயிர்' என்று போடலாமா? போட்டால் 'அனிமா'வின் சிக்கல் அப்படியே திரும்பி வருகிறது. தொல்காப்பியத்தில் புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள். தெகார்த்தின் உலகில் மரத்துக்கு உயிர் கிடையாது, நாய்க்கும் கிடையாது. 'ஆன்மா' என்றால் சமயச் சுமை ஏறிக்கொள்கிறது. நான் பல ஆண்டு யோசித்து 'சிந்தை' என்ற சொல்லுக்கு வந்திருக்கிறேன். என் மாணவர்கள் சிலர் ஏற்கவில்லை. அவர்கள் காரணங்களும் வலுவானவை.

இன்னொன்று 'பகுத்தறிவு'. நம் மண்ணில் பெரியாருக்குப் பிறகு அந்தச் சொல்லுக்குத் தெளிவான ஒரு பொருள் இருக்கிறது: மூடநம்பிக்கையைக் கேள்வி கேட்பது. தெகார்த், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் மூவரையும் 'பகுத்தறிவுவாதிகள்' என்று அழைத்தால், லைப்னிட்ஸ் கடவுள் இருப்பதை நிரூபிக்கும் பக்கத்துக்கு வந்ததும் மாணவர் திகைத்துப்போகிறார். 'அறிவு முதல் வாதம்' என்பது சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் எனக்கு அதுவே சரி.

தெகார்த்தைச் சைவ சித்தாந்தத்தோடு ஒப்பிட்டு ஆய்வு செய்யலாமா?

என்னிடம் வரும் பத்து மாணவர்களில் ஆறு பேர் இதைத்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

மெய்கண்டார் பிறந்த பெண்ணாகடம் கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவருடைய சிவஞான போதம் 12 சூத்திரங்கள். மூன்றாம் சூத்திரம் "உளது இலது என்றலின்" என்று தொடங்குகிறது. இது இல்லை, அது இல்லை என்று ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டு போகும்போது, அப்படி மறுக்கும் ஒன்று இருந்தே ஆக வேண்டும்; அதுவே ஆன்மா. 13ஆம் நூற்றாண்டு. அதே சூத்திரம் உடலை "மாயா இயந்திரத் தனு" என்கிறது. ஐயத்திலிருந்து ஐயப்படுபவனுக்குப் போவதும், உடலை இயந்திரம் என்பதும் ஒரே சூத்திரத்தில்! இதைக் கண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்கு நூற்றாண்டு முன்பே நம்மவர் சொல்லிவிட்டார் என்று ஒரு கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன்.

ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மதிப்பீட்டாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "இந்த முடிவை வைத்துக்கொண்டு இருவரும் அடுத்து என்ன செய்கிறார்கள்?" அன்று அது என்னைப் புண்படுத்தியது. மறுபடி சூத்திரத்தை எடுத்துப் படித்தேன். அதிலேயே "உணர்த்த உணர்தலின்" என்று இருக்கிறது. ஆன்மா தானாக உணர்வதில்லை, உணர்த்தினால் உணரும். உணர்த்துபவன் இறைவன் என்பதை நோக்கி அடுத்த சூத்திரங்கள் நகர்கின்றன. தெகார்த்துக்கோ, தான் இருப்பது என்ற அந்த ஒரு நிச்சயம் எவர் துணையும் இல்லாமல் தானே நிற்கும் முதல் கல். அதன் மேல்தான் கடவுள், உலகம், இயற்பியல் எல்லாம் கட்டப்படுகின்றன. படி ஒன்றாகத் தெரிகிறது, ஏறிப்போகும் மாடி வேறு வேறு. அந்த வேறுபாட்டை எழுதியபோதுதான் கட்டுரை வெளிவந்தது. மெய்கண்டாரின் உயரமும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே, செய்யலாம். ஆனால் இரண்டு பக்கமும் மூலத்தில் படித்திருக்க வேண்டும். தெகார்த்தை ஆங்கிலச் சுருக்கத்திலும் சித்தாந்தத்தைப் பள்ளிக் குறிப்பிலும் படித்துவிட்டு ஒப்பிட்டால் இருவருக்கும் அநீதி.

கட்டுரைகளை எங்கே வெளியிடுவது?

இந்தியத் தத்துவ ஆய்வுக் கழகம் நடத்தும் ஆய்விதழில் தொடங்கலாம். பிறகு இத்துறைக்கென்றே இருக்கும் தத்துவ வரலாற்று இதழ்களுக்கு அனுப்புங்கள். பதில் வரப் பல மாதங்கள் ஆகும், முதல் பதில் பெரும்பாலும் மறுப்பாகவே இருக்கும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களைத் திறக்காமலே அழித்துவிடுங்கள். அப்படிப் பணம் கட்டி வெளியிட்ட கட்டுரையால் நேர்காணலில் தலைகுனிந்த ஓர் இளைஞரைப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டில் பிஎச்.டி. செய்வது நல்லதா?

இத்துறைக்கு நல்லது, ஏனென்றால் கையெழுத்துப் பிரதிகளும் சக ஆய்வாளர்களும் அங்கே அதிகம். அமெரிக்காவில் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். நல்ல துறைகளில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அவர்களே தருவார்கள். பிரிட்டனில் மூன்று, நான்கு ஆண்டு. உதவித்தொகையை நாமே தேட வேண்டும். பிரான்சில் ஏறத்தாழ மூன்று. விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைவிட நீங்கள் அனுப்பும் மாதிரிக் கட்டுரைதான் பேசும். ஒரே ஒரு பத்தியை நுணுக்கமாக வாசித்து எழுதிய 20 பக்கம் போதும். முடித்த பிறகும் அங்கே நிரந்தர வேலை எளிதல்ல. ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில் நகரம் மாறி நகரம் போகும் வாழ்க்கை சில ஆண்டுகள் இருக்கும். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

எல்லாம் சரி, எங்கிருந்து தொடங்குவது?

நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் தேன்மெழுகு வாங்குங்கள். முதலாண்டு வகுப்பில் ஒவ்வொரு முறையும் நான் அதைத்தான் கொண்டுபோகிறேன். கையில் எடுத்தால் சில்லென்று கெட்டியாக இருக்கும். முகர்ந்தால் தேன் வாசம் மிச்சம் இருக்கும். விரல் மடக்கித் தட்டினால் 'டொக்' என்று ஒலி வரும். இப்போது ஒரு கரண்டியில் வைத்து மெழுகுவத்திச் சுடர்மேல் பிடியுங்கள். வாசம் போகிறது, நிறம் மாறுகிறது, வடிவம் கரைகிறது, தட்டினால் ஒலி இல்லை, விரல் சுடுகிறது. கண்ணும் மூக்கும் காதும் விரலும் சொன்ன எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் அதே மெழுகு என்கிறீர்கள். எதை வைத்துச் சொன்னீர்கள்?

கரண்டி ஆறுவதற்குள் இரண்டாம் தியானத்தின் அந்தப் பக்கத்தைப் படித்துவிடலாம். கடந்த ஆண்டு பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு மாணவி, கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "மேடம், ஆறின பிறகு திரும்பக் கெட்டியாகிறதே, அதைப் பற்றி அவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" அந்தக் கேள்வியை வைத்து அவள் இப்போது எம்.ஏ. ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள்.